தீபாவளி லீவும் மாங்கேணி ஓடையும்

சதுரகிரி மலைக்கோவிலுக்கு ஆள் ஏற்றிப் போகும் புது டிரைவர்கள் என்னைப் பார்த்தால், "அண்ணே, இந்த மாசம் பாதை எப்படி இருக்கும்?" என்று கேட்கிறார்கள். நேரில் கேட்டால் எனக்கு நாலு வார்த்தைக்கு மேல் வராது. எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். பேசுவதைவிட எழுதுவது எனக்கு எளிது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

1. முதல் நாள் கேட்ட விதி

ஆனைக்குட்டம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேன் டிரைவராக நான் சேர்ந்தது இரண்டாயிரத்துக்குப் பிறகு. செல்போன் எல்லோர் கைக்கும் வந்திராத வருடங்கள். காலையில் ஊர் ஊராகப் போய் ஆட்களை ஏற்றிக் கம்பெனியில் விடவேண்டும், சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடவேண்டும். அதுதான் வேலை.

முதல் நாள் சாவியைக் கையில் தருவதற்கு முன்னால், போர்மேன் அண்ணாச்சி என்னை வெடிமருந்து ரூம் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். பெரிய குரல் அவருக்கு. கம்பெனியின் இந்த மூலையில் பேசினால் அந்த மூலையில் கேட்கும்.

"இங்கரு, கணேசா. நீ வண்டி ஓட்டுறவன்தான். ஆனாலும் கேட்டுக்குள்ள வந்துட்டா எல்லாருக்கும் ஒரே சட்டம். எவனாவது 'புகை'ன்னு கத்துனா, என்ன ஏதுன்னு கேக்கக்கூடாது. கத்துன பக்கம் திரும்பிப் பாக்கவே கூடாது. நெருப்புக்குப் பக்கத்துல நிக்கிறவன்தான் மொதல்ல கத்துவான். அதனால அவன் சத்தம் வந்த பக்கத்துக்கு முதுகைக் காட்டி ஓடு. செருப்பைத் தேடாத, தூக்குவாளியை எடுக்காத. வெளங்குதா?"

தலையாட்டினேன்.

"இன்னொண்ணு. வெளையாட்டுக்குப் புகைன்னு கத்துனவன் மறுநா வேலையில இருக்க மாட்டான். நானே சீட்டைக் கிழிச்சிருவேன்."

"இவுக கத்தவா? வீட்டுல உப்பு தீந்துபோச்சுன்னு சொல்லவே நாலு நாளு யோசிப்பாக அண்ணாச்சி" என்று பின்னால் இருந்து ஒரு குரல். அது என் மனைவி முத்துமாரி. அவள் எனக்கு முன்பிருந்தே அங்கே திரி செக்சனில் வேலை பார்த்தாள். அவள் சொல்லித்தான் எனக்கு அந்த வேலையே கிடைத்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சொன்னது உண்மைதான்.

2. வண்டிப் பாதையும் நடைபாதையும்

கம்பெனி ஆட்களுக்குச் சதுரகிரி மேல் பெரிய பக்தி. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை வேனில் போவோம். கிருஷ்ணன்கோவில் தாண்டி வத்திராயிருப்பு வரை ரோட்டில் குறை இல்லை. அதற்கு மேல் தாணிப்பாறை அடிவாரம் வரைக்கும் உள்ள கடைசித் துண்டுதான் டிரைவரின் கையைச் சோதிக்கும். அப்போது பல இடத்தில் தார் பெயர்ந்து ஜல்லி தெரியும். நடுவில் தரைப்பாலங்கள் வேறு. மழைக் காலத்தில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, கம்பை ஊன்றி நடந்து பார்ப்பேன். முழங்காலுக்குக் கீழே தண்ணீர், காலடியில் சிமெண்டு உடையாமல் இருந்தால் போவேன். இல்லாவிட்டால் திருப்பிவிடுவேன். அதற்கு யாரிடமும் வாய் திறந்து பேச வேண்டியதில்லை. ஸ்டியரிங் என் கையில் இருந்தது.

நடைபாதை அப்படி இல்லை. அடிவாரத்தில் எல்லோரும் இறங்கிப் போய்விடுவார்கள், நான் வண்டியோடு இருந்துவிடுவேன். அங்கே எனக்குக் கிடைத்த சிநேகிதர் அய்யனார். மேலே உள்ள அன்னதான மடங்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் டின் எல்லாம் தலைச்சுமையாகக் கொண்டுபோகிறவர். என் வயதுதான் இருக்கும். இருவரும் அதிகம் பேசமாட்டோம், அதனாலேயே ஒத்துப்போனது. அவர் இறங்கி வந்ததும் டீ வாங்கிக் கொடுப்பேன். பாதை எப்படி என்று கேட்பேன். இரண்டு வரியில் சொல்வார்.

அந்த இரண்டிரண்டு வரிகள் சேர்ந்துதான் இன்று எனக்குத் தெரிந்தது எல்லாம். தை, மாசியில் பாதை உலர்ந்து கால் நன்றாகப் பிடிக்கும், ஊற்றுகளிலும் தண்ணீர் இருக்கும். பங்குனி பிறந்தால் பாறை சுடும், ஊற்று வற்றும், சருகு மண்டிக் கிடப்பதால் காட்டுத்தீ பயத்தில் வனத்துறை பாதையை மூடினாலும் மூடும். ஆடி அமாவாசைக்குக் கூட்டம்தான் ஆபத்து. ஏறுகிறவனுக்கும் இறங்குகிறவனுக்கும் ஒரே பாறைதான். மேல்காற்றுச் சாரலில் அது வழுக்கவும் செய்யும். ஐப்பசி, கார்த்திகையில் ஓடைகளை நம்பவே கூடாது.

எங்கள் ஆட்களுக்குப் பெரிய லீவு வருவது அந்த ஐப்பசி, கார்த்திகையில்தான். வருடம் முழுக்கத் தீபாவளி சீசனுக்கு ஓடி ஓடி வேலை பார்த்து, கடைசி லோடு ஏறியதும் கம்பெனியைச் சாத்துவார்கள். அதோடு அடைமழையில் பட்டாசு காயவும் காயாது. ஆக, மலைக்கு ஆகாத மாதம் எதுவோ அதுதான் எங்களுக்கு மலைக்குப் போகும் மாதம். மற்ற ஊர்க்காரர்கள் தெரியாமல் போய் மாட்டுவார்கள். நாங்கள் காலண்டர் போட்டுக்கொண்டு போய் மாட்டுவோம்.

3. தீபாவளி கழிந்த பௌர்ணமி

அந்த வருடம் தீபாவளி கழிந்து வந்த பௌர்ணமிக்குப் போர்மேன் அண்ணாச்சி தலைமையில் பதினெட்டுப் பேர் கிளம்பினார்கள். அதில் முத்துமாரியும் ஒருத்தி. மூன்று நாள் பெய்த மழை முந்தின நாள்தான் விட்டிருந்தது. காலையில் அடிவாரத்தில் சுள்ளென்று வெயில். செக்போஸ்டில் நின்ற காவலர், "தீப்பெட்டி, பீடி, சிகரெட் ஏதும் இருக்கா?" என்று பைகளைத் தடவினார்.

"எங்க கம்பெனி கேட்டுலயும் தெனம் இதையேதான் கேக்காக சார். லீவுல வந்தாலும் எங்களை விட மாட்டீகளா?" என்றாள் முத்துமாரி.

அந்த நேரத்தில் அய்யனார் வெறும் சாக்கோடு மலையிலிருந்து இறங்கி வந்தார். என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "டிரைவரே, மேல மேகம் நல்லா மூடிக்கிடக்கு. ஒங்க ஆளுகளப் போவ விடாதீக. போனாலும் உச்சி வெயிலுக்கு முன்ன மாங்கேணி ஓடையைத் தாண்டி இங்கிட்டு வந்துரணும்."

மாங்கேணி ஓடை அடிவாரத்துக்குப் பக்கத்தில் பாதையின் குறுக்கே ஓடுவது. அதைத் தாண்டாமல் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது.

நான் அண்ணாச்சியிடம் போனேன். அவரைச் சுற்றிப் பதினேழு பேர் நின்றார்கள். "அண்ணாச்சி, மேல மழை வரும்போல இருக்காம்" என்றேன். அண்ணாச்சியைத் தவிர யாருக்கும் கேட்டிருக்காது.

அண்ணாச்சி அண்ணாந்து பார்த்தார். கையை நீட்டி, உள்ளங்கையில் வெயில் விழும்படி திருப்பினார். "ஏப்பா, இருவது வருசமா வெயிலைப் பாத்துத்தான் சரக்கைக் காயப்போடுறேன். நான் போடச் சொல்லி ஒரு நாள் நனைஞ்சிருக்கா? இன்னைக்கு மழை கெடையாது. வாங்க எல்லாரும், நடங்க!"

அவர் சொன்னதில் பொய்யில்லை. காயப்போடும் பிளாட்பாரத்துக்கு மேலே உள்ள வானத்தைப் பார்த்து அவர் சொன்னால் தப்பவே தப்பாது. ஆனால் ஓடைத் தண்ணீர் எங்கள் தலைக்கு மேலே உள்ள வானத்திலிருந்து வருவதில்லை. இதை நான் சொல்லியிருக்க வேண்டும். அய்யனாரைக் கூப்பிட்டு அண்ணாச்சி முன்னால் நிறுத்தியிருக்கவாவது வேண்டும். முத்துமாரி திரும்பி, "என்னங்க, ஏதும் சொன்னீகளா?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, பாத்துப் போ" என்றேன்.

அந்த 'ஒண்ணுமில்ல'வை நம்பித்தான் அவள் மலையேறினாள்.

4. கணுக்கால் தண்ணீர்

வண்டியில் உட்கார முடியவில்லை. பதினொரு மணிக்கு மேல் மலைக்கு மேலே கருப்பு ஏறுவது அடிவாரத்திலிருந்தே தெரிந்தது. வேனைப் பூட்டிவிட்டு மாங்கேணி ஓடைக்கு நடந்தேன். தண்ணீர் கணுக்கால் அளவுதான், கண்ணாடி மாதிரி ஓடியது. அகலம் ஒரு பதினைந்து காலடி இருக்கும். இந்தக் கரையில் ஒரு பாறைமேல் உட்கார்ந்தேன். தண்ணீர் ஏறினால் தெரியட்டும் என்று விளிம்பில் ஒரு குச்சியைச் சொருகி வைத்தேன்.

வெகுநேரம் குச்சியில் மாற்றம் இல்லை. என் தலைக்கு மேலே வெயில். ஆனால் மலை உச்சியில் இடி உருண்டுகொண்டே இருந்தது.

இரண்டு மணி வாக்கில் எதிர்க்கரையில் பேச்சுச் சத்தம் கேட்டது. முதலில் அண்ணாச்சி, பக்கத்தில் முத்துமாரி, பின்னால் மற்றவர்கள். எல்லோரையும் ஒருசேரப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. அதே சமயம் காலடியில் தண்ணீரைப் பார்த்தேன். நிறம் மாறியிருந்தது. டீத்தூள் கரைந்ததுபோல ஒரு பழுப்பு. அதன்மேல் சருகும் சுள்ளியும் நுரையும் மிதந்து வந்தன. அளவு கூடவில்லை, இன்னும் கணுக்கால்தான். ஆனால் அய்யனார் ஒரு முறை டீ குடித்துக்கொண்டே சொன்னது ஞாபகம் வந்தது: "சருகுதான் மொதல்ல வரும் டிரைவரே. சருகைப் பாத்துட்டா ஓடைக்குள்ள காலை வைக்காதீக. அதுக்குப் பின்னாலயே வந்துக்கிட்டு இருக்கும்."

எழுந்து கையை ஆட்டி, "வராதீக!" என்றேன். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. நான் வரவேற்கிறேன் என்று அண்ணாச்சி நினைத்துவிட்டார். அவரும் கையை ஆட்டினார்.

"பாத்தீகளா, நம்ம டிரைவரு எதுத்தாப்ல வந்து நிக்கான்! பொண்டாட்டியைத் தேடிட்டு!" என்று அவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கையைக் கோத்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கினார்கள். முத்துமாரிதான் முதல் ஆள். ஒரு எட்டு வைத்தாள். இரண்டு, மூன்று, நாலு. வளைவுக்கு மேலே லாரி பின்னோக்கி வருவதுபோல ஒரு உறுமல் கேட்டது எனக்கு. சிரிப்பில் அவர்களுக்குக் கேட்கவில்லை.

வெள்ளம் என்று கத்தினால் எந்தப் பக்கம் என்று திரும்பிப் பார்ப்பார்கள். ஓடு என்று கத்தினால் என்னை நோக்கித்தான் ஓடி வருவார்கள். இதையெல்லாம் நான் அந்த நேரத்தில் யோசித்தேன் என்று சொன்னால் பொய். வாயில் வந்தது ஒரே சொல்.

"புகை!"

என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படிக் கத்தியதில்லை. பதினெட்டுப் பேரும் ஒரே நொடியில் எனக்கு முதுகைக் காட்டினார்கள். தண்ணீரில் நின்ற முத்துமாரி பிரசாதப் பையை அப்படியே போட்டுவிட்டுத் திரும்பி ஓடினாள். அண்ணாச்சி வேட்டியைக்கூடப் பிடிக்காமல் ஓடினார். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கரை ஏறி, பாதை ஏறி, மரங்களுக்குள்ளே போய்த்தான் நின்றார்கள்.

அவர்கள் நிற்பதற்கு முன்பே ஓடை நிறைந்துவிட்டது. மரக்கிளையும் கல்லும் சேற்றுத் தண்ணீருமாக, ஆள் உயரத்துக்கு மேல் உருண்டு போனது. நான் உட்கார்ந்திருந்த பாறை தெரியவில்லை. நானும் இந்தக் கரையில் மேடு பார்த்து ஓடித்தான் தப்பினேன்.

வெள்ளச் சத்தம் கேட்டு அடிவாரத்திலிருந்து அய்யனார் கயிறும் நாலைந்து ஆட்களுமாக வந்துவிட்டார். தண்ணீர் வடியும்வரை யாரையும் இறங்கவிடவில்லை. பொழுது சாய்வதற்குள் முழங்காலுக்குக் கீழே வந்தது. சருகும் நுரையும் நின்று தண்ணீர் தெளிந்ததை இரண்டு தரம் பார்த்த பிறகே மரத்துக்கு மரம் கயிறு கட்டினார்கள். அதைப் பிடித்து ஒவ்வொருவராக வந்தார்கள். வெளிச்சம் இருக்கும்போதே பதினெட்டும் இந்தக் கரையில் நின்றது. நான் இரண்டு தரம் எண்ணினேன்.

கடைசியாக வந்தவர் அண்ணாச்சி. நேராக என்னிடம் வந்தார். முதல் முறையாக அவர் குரல் சின்னதாக இருந்தது.

"பொய்யாப் புகைன்னு கத்துனா சீட்டைக் கிழிப்பேன்னு சொல்லியிருந்தேன்ல?"

"ஆமா அண்ணாச்சி."

"காலையில நீ ஏதோ சொன்ன. நான் காது குடுக்கல. தப்பு என்னுதுய்யா" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"இல்ல அண்ணாச்சி. கேக்குற மாதிரி நான் சொல்லல" என்றேன்.

முத்துமாரி ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே வந்தாள். அழுதிருந்தாள். ஆனாலும் வாய் ஓயவில்லை. "ஒலகத்துலயே தண்ணிக்குப் பயந்து புகைன்னு கத்துன ஆளு எங்க வீட்டுக்காரருதான்" என்றாள். அப்போதுதான் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் சிலர் மலையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அய்யனாரின் கையைப் பிடித்தவர்களும் உண்டு. அவர் கூச்சத்தோடு கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தார்.

5. அதற்குப் பிறகு

மறு வருடத்திலிருந்து தீபாவளி லீவில் மலைப் பயணம் கிடையாது என்று அண்ணாச்சியே நிறுத்திவிட்டார். தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று மாற்றினார். நாளைக் குறிக்கும் பொறுப்பை என்னிடம் தந்தார். கூடவே ஒரு தண்டனையும் தந்தார். அடிவாரத்தில் இறங்குவதற்கு முன்னால் நான் வேனுக்குள் எழுந்து நின்று, அன்றைக்குப் பாதை எப்படி, ஓடை எப்படி, எத்தனை மணிக்குள் திரும்பவேண்டும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லவேண்டும். சொல்லி முடிக்கும்வரை அவரும் இறங்கமாட்டார். முதல் தடவை எனக்கு வேர்த்துக் கொட்டியது.

அண்ணாச்சிக்கு நான் பட்ட நன்றிக்கடன் கொஞ்சம் அல்ல. அன்று பதினெட்டுப் பேரைக் காப்பாற்றியது அவர் எல்லோருக்கும் முதல் நாளே சொல்லிப் பழக்கிய விதிதான். நான் அதை எடுத்துக் கத்தினேன், அவ்வளவே. அய்யனாருக்கும் அப்படித்தான். ஒரு டீக்கு அவர் தந்த வரிகள் எங்கள் வீட்டை வீடாக வைத்திருக்கின்றன.

புது டிரைவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அடிவாரத்து வெயிலைப் பார்த்துப் பாதையை முடிவு செய்யாதீர்கள். அன்று காலையில் மேலிருந்து இறங்கி வந்த ஒரு ஆளைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். ஓடையில் அளவைப் பார்ப்பதற்கு முன்னால் நிறத்தைப் பாருங்கள். தெரிந்துகொண்டதை உங்களோடு வைத்துக்கொள்ளாதீர்கள். கூச்சமாகத்தான் இருக்கும், எனக்கு இன்றும் இருக்கிறது. இன்றும் நான் எழுந்து நின்று ஆரம்பித்ததும், கடைசி சீட்டிலிருந்து முத்துமாரியின் குரல் வரும்:

"இங்கன கேக்கல. இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

சத்தமாகச் சொல்கிறேன்.