லொறிக்கு வைத்த மூஞ்சி

சூடேற்றிய கத்தியால் பிளாஸ்டிக் சீப்பை வெட்டினேன். கருகல் வாசத்தில், ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயம் கண்ணுக்குள் வந்துவிட்டது. மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் குட்டி லொறி செய்வதில் பதுளையில் என்னை மிஞ்ச ஆளில்லை.

சிறுவனாக இருந்தபோதே பால்மா டின்னில் தோட்டத்துக் கொழுந்து லொறியை அச்சாகச் செய்துவிட்டேன். முன்பக்கக் கிரில்லுக்குத்தான் எதுவும் பொருந்தவில்லை. கிரில் இல்லாமல் அது வெறும் டின். அழுதேன்.

“இந்தா, இத வெட்டிக்கடா” என்று அம்மா தன்னிடம் இருந்த ஒரே சீப்பைக் கொடுத்தார்.

மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் பக்கத்துக் காம்பரா ராக்காயி கேட்டாள்: “என்னடி, தல காடாக் கெடக்கு? சீப்ப எலி தின்னுருச்சா?”

“லொறி தின்னுருச்சுடி. எம் மவன் அதுக்கு மூஞ்சி வச்சிருக்கான், வந்து பாரு!”

மாலையில் லயமே திரண்டு வந்தது. அம்மா, அந்த மகராசி, விரலாலேயே தலையைக் கோதிக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் கிரில்லைத்தான் முதலில் காட்டினார்.