கைக்கு இறங்கிய கரப்பான்

என் நாத்தனார் பார்லரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தலை அலசிவிட அவளைத்தான் கேட்டு வருவார்கள். தொட்டியில் தலையைச் சாய்த்ததுமே குறட்டை விடுகிறவர்களும் உண்டு. "காசு குடுத்துத் தூங்க வர்றாங்க அண்ணி" என்று சிரிப்பாள்.

மறுவருஷம் விரலிடுக்கில் அரிப்பு தொடங்கியது. பிறகு பொடிப்பொடியாக நீர்க்கொப்புளங்கள். அப்புறம் தோல் தடித்து வெடித்தது. சட்டைப் பொத்தானைப் போடுவதற்குள் விரல் நுனியில் ரத்தம் கசியும். எலுமிச்சம்பழம் பிழிய என்னைக் கூப்பிடுவாள்.

பார்லர் முதலாளியம்மா என்ன செய்தாள் தெரியுமா? டாக்டரிடம் போ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒட்டுவாரொட்டி என்று தானே முடிவு கட்டிவிட்டாள். தனித் தம்ளர், தனித் துண்டு. வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாதென்று பின்பக்கம் தள்ளி, சாயக் கிண்ணங்களைக் கழுவவும் துண்டுகளை அலசவும் விட்டாள். எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்த கதைதான். போதாததற்கு, "சுத்தமா இருந்தா இதெல்லாம் வருமா?" என்று ஒரு கேள்வி. நாள் முழுக்க சோப்புத் தண்ணீரில் கையை ஊறவைத்திருப்பவளைப் பார்த்து!

வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? கத்திரிக்காய் ஆகாது, மீன் ஆகாது என்று ஆளுக்கொரு பத்தியம். அவள் இளைத்ததுதான் மிச்சம்.

கடைசியில் நான்தான் முழங்கையைப் பிடித்துத் தோல் டாக்டரிடம் இழுத்துப் போனேன். கையைத்தான் பிடிக்க முடியாதே. மாமியாரும் கூட வந்தார். டாக்டரம்மா விரல்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சின்ன வயசுல கரப்பான் படை இருந்துச்சா? முழங்கை மடிப்புல, முழங்காலுக்குப் பின்னால?" என்று கேட்டார்.

நாத்தனார் இல்லையென்று தலையாட்டினாள். மாமியார் சுவரைப் பார்த்தார்.

"அம்மா?" என்றாள் நாத்தனார்.

"இருந்துச்சு... நாலு வயசு வரைக்கும். ராத்திரியெல்லாம் சொறிஞ்சுக்கிட்டு அழுவா. கையில துணி சுத்திப் படுக்க வெப்பேன். அப்புறம் தன்னால போயிடுச்சே!"

"போகலைம்மா, அடங்கியிருந்துச்சு. அந்த மாதிரி தோல் தண்ணியும் சோப்பும் அவ்வளவா தாங்காது. சின்ன வயசுல இது இருந்தவங்க எப்பவும் ஈரத்துல வேலை செஞ்சா, கையில வர்றதுக்கு வாய்ப்பு அதிகம். எல்லாருக்கும் வரும்னு இல்லை."

"அடுத்தவங்களுக்கு ஒட்டுமா?" என்றேன்.

"ஒட்டவே ஒட்டாது."

வெளியே படியிறங்கும்போதே நாத்தனார் வெடித்தாள். "ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"பொண்ணுக்குத் தோல் வியாதின்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரியச் சொல்றியா? நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா?"

"ஊருக்கு ஏன் சொல்லணும்? எனக்குச் சொல்லியிருக்கலாமில்ல? என் தோலும்மா இது!"

ஆனால் மாமியார்மேல் மட்டும் பழி போட எனக்கு மனசு வரவில்லை. அவளுடைய சின்ன வயதில் களிம்பு எழுதிக் கொடுத்த டாக்டர் "வளர்ந்தா போயிடும்" என்பதோடு நிறுத்திக்கொண்டாராம். அழகுக்கலை கற்றுக்கொடுத்த இடத்தில் கூந்தலைப் பற்றி வாரக்கணக்கில் பாடம் எடுத்தார்கள். கற்றுக்கொள்ள வந்தவளின் கையைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை.

மறுநாள் பார்லருக்கு நானும் போனேன். "இது ஒட்டாதாம்க்கா" என்றாள் நாத்தனார் முதலாளியம்மாவிடம். "இனிமே முடி வெட்டுறேன். கழுவுற வேலை வேண்டாம். சாயம் போடறப்ப கையுறை வேணும்."

"உனக்குன்னு தனிச் சட்டமா?"

"தனித் தம்ளர் வெச்சப்ப இருந்த சட்டம்தாங்க்கா!"

முடி உலர்த்தும் மெஷினை யாரோ அணைத்தார்கள். முதலாளியம்மா வாசலைக் காட்டினாள். நாத்தனார் தன் கத்தரியையும் சீப்பையும் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

இப்போது வேறொரு கடையில் குழந்தைகளுக்கு முடி வெட்டுகிறாள். பருத்தி உறையும் அதன்மேல் ரப்பர் உறையும் போட்டுக்கொண்டுதான் ஈரத்தைத் தொடுகிறாள். களிம்பு தவறுவதில்லை. வெடிப்புகள் மூடிவிட்டன. குளிர் வந்தால் மறுபடி எட்டிப் பார்க்கும். தலை அலசும் வேலையை மட்டும் விட்டுவிட்டாள். அதுதான் அவளுக்குப் பிடித்த வேலை.

போன மாதம் அந்த முதலாளியம்மா தெருவில் மறித்து, "கை நல்லாயிடுச்சா? ஆள் கிடைக்கல, திரும்பி வாயேன்" என்றாளாம்.

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல அண்ணி. வாயைத் திறந்திருந்தா வேற மாதிரி வந்திருக்கும்."

நானாக இருந்தால் திறந்திருப்பேன்.