கன்னத்தில் தங்காத கொழுப்பு

கொழுப்பில் ஸ்டெம் செல் இருக்கிறது, அதை எடுத்துக் கெட்டுப்போன சதையைச் சீராக்கலாம் என்று இப்போது பேசுகிறார்கள். தொண்ணூறுகளில் மலாக்கா டவுனில் ஓர் அழகு சிகிச்சை கிளினிக்கில் உதவியாளராக இருந்த எனக்கு அது பாட்டில் பாட்டிலாகத் தூக்கிப்போடும் குப்பை. டாக்டர் சொல்லாமல் விட்டதை நோயாளிகள் கேட்கும்போது திருதிருவென விழித்தவர்களுக்கு என் பாடு புரியும்.

குப்பைக்குப் போகாத பாட்டில்

தஞ்சோங் கிளிங்கில் கடை வைத்திருந்த ஓர் அம்மா வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுத்துக்கொண்டார். பாட்டிலை நான் வெளியே கொண்டுபோகும்போது, வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும் என்று கையை நீட்டினார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் முகம் சுண்டிவிட்டது.

"வெட்டுன நகத்தையே அடுத்தவங்க கையில சிக்க விடமாட்டோம். இது என் வயிறு லா!"

இடுப்பில் இருக்கிறது

புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் வேலை செய்த தேவிக்குச் சின்ன வயதில் கட்டி அறுத்ததில் இடது கன்னம் குழிந்துபோயிருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டு முறை பதில் சொல்லாமலே போய்விட்டார்கள். தொடையிலிருந்து கொழுப்பை எடுத்துக் கன்னத்தில் ஏற்றலாம் என்றார் டாக்டர். தேவியோ ஒல்லிக்குச்சி. கூட வந்த அவள் அம்மா, லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறவர், எழுந்து நின்றார். அவர் சொன்னதைக் கேட்டு டாக்டர் சிரித்தார். அதே தோட்டத்துப் பக்கம் பிறந்து வளர்ந்த நானும் கூடச் சேர்ந்து இளித்தேன். இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.

"அவ உடம்புல ஏது டாக்டர்? என் இடுப்புல எடுங்க. பெத்தவ சதை ஒட்டாதா?"

நான் ஆட்டிய தலை

கடைசியில் தேவியின் தொடையிலேயே சுரண்டி எடுத்து ஏற்றினார்கள். கட்டுப் பிரித்த அன்று கண்ணாடியை விட்டு அவள் நகரவில்லை. "அக்கா, இது அப்படியே நிக்கும்தானே?" என்று என் கையைப் பிடித்தாள். சில மாதங்களில் பெரும்பகுதி கரைந்துவிடும் என்பது கிளினிக்கில் எல்லாருக்கும் தெரியும். வெளியே சொல்லக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. நான் தலையை ஆட்டினேன்.

அடுத்த வருடம் பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். கன்னம் பழையபடி குழிந்திருந்தது. நிச்சயம் முடிந்த பிறகு கன்னம் இறங்கவும், குறையை மறைத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் முறித்துக்கொண்டார்களாம். என்னால் தலை நிமிர முடியவில்லை. அவள்தான் என் தோளைத் தொட்டு ஆறுதல் சொன்னாள்.

"ஷிப்ட்டு மாறி மாறி சாப்பாட்ட விட்டுட்டேன் கா. அதான் கரைஞ்சிருச்சு போல. நீங்க மனசு கஷ்டப்படாதீங்க லா."

தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதற்குத்தான் மாதா மாதம் சம்பளம் வாங்கியிருக்கிறேன் என்பது எனக்கு அந்த பஸ் ஸ்டாப்பில்தான் உறைத்தது.