ஹலால் பட்டியலில் இருந்து விழுந்த பங்கு

எனக்குக் கொஞ்சம் வாய் கூட எண்டு ஊருக்கே தெரியும். ஆனா இந்த விஷயத்தில பெருமை பேச எனக்கு உரிமை இருக்கு, அதால பேசத்தான் போறேன்.

தில்லையடியில எங்கட வீட்டுக் குசினியில கேக் அடிச்சு விக்கிறவ நான். கல்யாணம், பெருநாள் எண்டால் ஓடர் வந்து குவியும். அந்தக் காசில மாசாமாசம் ஒரே கம்பனிட பங்கைக் கொஞ்சம் கொஞ்சமா வாங்கினேன். ஒருத்தரும் அதைத் திரும்பிப் பார்க்காத காலம் அது. உம்மாவோட உம்றாப் புனிதப் பயணம் போகணும், அதுக்குத்தான் இவ்வளவும். உம்மாவுக்கு முழங்கால் ஏலாது. கஃபாவைச் சுத்தி வரப் பிடிச்சுக்கொள்ள ஒரு கை வேணும். அந்தக் கை என்னுடையதா இருக்கணும் எண்டு எனக்குப் பெரிய ஆசை.

எங்கட நானா, எனக்கு மூத்த ஆம்பிளப் புள்ள, ஹாட்வெயார் கடை வச்சிருக்கிறவர். "பங்கு எண்டால் சூது, புள்ள" எண்டு என்னைப் பார்த்துச் சிரிச்சவர். பிறகு அந்தப் பங்கு ஏறத் தொடங்கிச்சு. தெரிஞ்சவன் தெரியாதவன் எல்லாம் வாங்கினான். சூது எண்டு சொன்ன வாயும் மூடிக்கொண்டுது. நானா வாங்கினது உச்ச விலையில. வாங்கின கையோட அது கொஞ்சம் இறங்கிச்சு. அதுக்குப் பிறகு மழைக்காலத்தில உப்பளக்காரர் வானத்தைப் பார்க்கிற மாதிரி போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். லுஹர் தொழுது சலாம் கொடுத்த உடனே கை சட்டைப் பைக்குப் போகும். பங்குச் சந்தை மூடுற வரைக்கும் கடையில ஆணி கேட்டால்கூட பதில் வராது.

நாங்க வாங்குறதெல்லாம் ஹலால் பட்டியலைப் பார்த்துத்தான். ஒரு கம்பனி வட்டிக்கு அளவுக்கு மிஞ்சிக் கடன் எடுத்தால் அதைப் பட்டியல்ல இருந்து எடுத்துப் போடுவாங்க. ஒரு நாள் எங்கட கம்பனியையும் எடுத்துட்டாங்க. அப்படி நடந்தால் என்ன செய்யணும் எண்டு எங்களுக்குச் சொல்லித் தந்த முறை ஒண்டு இருக்கு. லாபத்தில நிக்கிறவங்க உடனே வித்துடணும். நட்டத்தில நிக்கிறவங்க போட்ட முதல் வரும்வரைக்கும் வச்சிருக்கலாம்.

நான் லாபத்தில நிண்டேன். நானா நட்டத்தில.

அண்டைய விலைக்கு வித்தால் உம்மா போகக் காணும், மிச்சமும் வரும். ரெண்டு பேருக்குக் காணாது. இன்னும் கொஞ்சம் ஏறினால் நானும் போகலாம். ஏறும் எண்டுதான் எல்லாரும் சொன்னாங்க.

நான் விக்கப் போறேன் எண்டு கேள்விப்பட்டு நானா ஓடி வந்தார். "உனக்கென்ன பைத்தியமா? ஒரு மாசம் பொறுத்து வித்தால் ஆர் கேக்கிறது? வித்துப்போட்டு மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்."

"தவ்பாவுக்கும் நல்ல விலை வரணுமோ, நானா?"

அவர் விடல்ல. "அப்ப உம்மாட கையை ஆர் பிடிக்கிறது?"

அந்தக் கேள்வி நெஞ்சில குத்திச்சு. மா அப்பின என்ட கையைப் பார்த்தேன். உம்மா அறைக்குள்ள தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தா. எல்லாம் கேட்டிருக்கும். நான் கையைக் கழுவிட்டு புரோக்கருக்குப் போன் எடுத்து எல்லாத்தையும் விக்கச் சொன்னேன்.

பங்கு ஏறிச்சு. நானா நாளாந்தம் வந்து விலையைச் சொல்லிட்டுப் போவார். ஆத்திரத்தில முட்டை ஓட்டையும் சேர்த்து மாவுக்குள்ள போட்ட நாள் உண்டு. அழுதும் இருக்கேன். ஆனா வித்தது பிழை எண்டு ஒரு நாளும் நினைக்கல்ல.

கடைசியில விலை நானா வாங்கின இடத்துக்கே வந்துட்டுது. "முதல் வந்துட்டுது, இனி நீங்க விக்கணும்" எண்டேன்.

"இன்னும் ரெண்டு ரூபா" எண்டார்.

ரெண்டு ரூபாவும் வந்துது. பெருநாளைக்குப் பிறகு பார்ப்பம் எண்டார். பெருநாளைக்கு முதலே பங்கு குப்புற விழுந்துட்டுது. நானாவுக்குக் கவலை ஒண்டும் இல்ல. திரும்ப நட்டம் வந்துட்டுதே, அப்ப வச்சிருக்கலாமாம்! இறங்கினால் மார்க்கம் பேசுவார், ஏறினால் மார்க்கெட் பேசுவார். அந்தப் பங்கு இண்டைக்கும் அவர்ட கையிலதான் இருக்கு.

உம்மாட தங்கச்சி, எங்கட சாச்சி, தன்ட செலவில உம்றாவுக்குப் போக இருந்தா; உம்மா அவவோட போனா. சாச்சிட கையைப் பிடிச்சுச் சுத்தி முடிச்சு, அழுதுகொண்டு எனக்குப் போன் எடுத்தா. நான் அடுப்பில கேக்கை வச்சிட்டு, அது கருகுற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்த அண்டைக்கு வீடு நிறையச் சனம். உம்மா கொண்டு வந்த ஸம்ஸம் தண்ணியைக் குடிச்சுட்டு நானா கேட்டார், "எனக்கு துஆ கேட்டீங்களா உம்மா?"

"கேட்டேன் மகன். உன்ட பங்கு ஏறணும் எண்டு கேக்கல்ல. ஏறினால் விக்கிற மனசைக் குடு யா அல்லாஹ் எண்டு கேட்டேன்."

சனம் சிரிச்சுது, நானாவும் சிரிச்சார். உம்மா சிரிக்கல்ல. ஈச்சம்பழத் தட்டைக் கையில எடுத்துக்கொண்டு, வந்த ஒவ்வொருத்தரிட்டயும் போய் ஒரே கதையைத்தான் சொன்னா: "என்ட மகள் கேக் அடிச்ச காசு. ஒரு சதம் அழுக்கில்ல."

நான் இன்னும் போகல்ல. வேற ஒரு கம்பனிட பங்கை மாசாமாசம் வாங்கிக்கொண்டிருக்கேன்.