நேப்பிள்ஸில் எடுத்த கூடை

இடது கைப் பெருவிரல் கூடையின் அடியை அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை, தண்ணீரில் ஊறிய பிரம்பு இழையைக் குத்தூசி திறந்த வழியில் நுழைத்து, ஒரு சிம்புக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று கொண்டுபோனது. பழைய சிம்புகள் பிரம்பு அல்ல; ஏதோ வெளிநாட்டு மரத்தைத் தட்டையாகப் பிளந்தவை. காய்ந்து கறுத்திருந்தன. வேகமாக இழுத்தால் ஒடிந்துவிடும். அதனால் அந்தக் கைகள் ஒவ்வொரு சுற்றிலும் நின்று, ஈரத் துணியால் பழைய சிம்பைத் தொட்டுத் தொட்டு நனைத்து, அது இளகும்வரை காத்திருந்தன. காத்திருக்க நேரம் அதிகம் இல்லை. இரண்டு மணிக்கு விமான நிலையம் போக டாக்சி வந்துவிடும்.

"அந்தக் குப்பைய எங்கேருந்து எடுத்தீங்க?" சமையலறை வாசலில் நின்று ஜெசி கேட்டாள். "புதுக் கூடை மாப்பிள்ளை மாதிரி ஒக்காந்திருக்கு. இப்பப் போய் இதுக்கு வைத்தியம் பாத்துக்கிட்டு."

"பரண்லேருந்து."

"என் பரண்ல எனக்குத் தெரியாத கூடையா?"

அவளுடைய புருஷன் சூசைராஜ் நிமிரவில்லை. பிரம்புக் கட்டுகளுக்குப் பின்னால், பழைய லுங்கியில் சுற்றி, ஒன்றரை வருஷமாக அது அங்கே இருந்தது.

பர்மாவில், பபேடான் பேட்டையின் ஒரு சந்தில் ஐந்தாம் மாடியில் குடியிருக்கும் சூசைராஜை அங்கே எல்லோரும் பர்மிய மரியாதையோடு 'ஊ சூசை' என்றுதான் கூப்பிடுவார்கள். பிரம்பு வேலையை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பத்தொன்பது வயதில், பங்குக் கோவில் குப்பையில் கிடந்த ஒரு நாற்காலியை வீட்டுக்குத் தூக்கி வந்து, இழை இழையாகப் பிரித்துப் பார்த்தார். திரும்பப் பின்னினார். கோணியது. பிரித்தார். நாலாவது தடவை நேராக வந்தது. அன்றிலிருந்து நாற்பது வருஷமாக, ஒரு இழை ஒரு நூல் அளவு விலகினாலும் பிரித்துவிடுகிற ஆள். கண்ணில் பட்ட பின்னல் பொருளைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பாகம் பார்க்காமல் அவரால் நகர முடியாது. வந்த வினையும் அதனால்தான் வந்தது.

அவர்கள் சந்தில் எல்லா மாடிகளிலிருந்தும் தெருவுக்குக் கயிறு தொங்கும். மேல் நுனியைப் பால்கனிக் கம்பியில் முடிந்து, ஒரு மணியும் கட்டியிருப்பார்கள். கீழ் நுனியில் ஒரு கிளிப். பேப்பர் போடுகிறவரோ பால்காரரோ கயிற்றைச் சுண்டி இழுத்தால் மேலே மணி அடிக்கும், வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். கயிறு தொங்குகிறதென்றால் இழுத்துக் கூப்பிடலாம் என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து சூசைராஜ் கண்டது அது ஒன்றுதான்.

போன வருஷம் ஜூலையில் அவர் ஏழு நாள் நேப்பிள்ஸில் இருந்தார். மகள் ஜூடித் அங்கே ஒரு கன்னியர் மடத்தில், வீட்டைவிட்டு இறங்க முடியாத முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். அவள் துறவறத்துக்கு இறுதி வார்த்தைப்பாடு கொடுக்கும் சடங்குக்குக் குடும்பத்தில் ஒருவருக்கு அழைப்பு வந்தது. ஜெசிக்கு முழங்கால் வலி. அவர் போனார்.

"கோட்டை, எரிமலை, கடற்கரை எல்லாம் ஊரே பாக்கும்ப்பா. நான் தினம் நடக்கிற எடத்த நீங்க பாருங்க" என்று ஜூடித் ஒரு தாளில் வழி வரைந்து கொடுத்தாள். முதல் நாள் பெத்ராயோ படிக்கட்டு. மேட்டிலிருந்து கடலைப் பார்த்து, வீடுகளுக்கு நடுவே ஐந்நூறு படி இறங்குகிறது. படியோரம் தக்காளிச் செடி வைத்திருக்கிறார்கள், பூனைகள் வழிவிட மறுக்கின்றன. இரண்டாம் நாள் சனிதா என்கிற பழைய பேட்டை. ஒரு வீட்டின் மாடிப்படிகள் முற்றத்தைப் பார்த்துச் சிறகு விரித்தது போல் இரண்டு பக்கமும் ஏறிப்போகின்றன. அடுத்த சந்தில் ஒரு அம்மாள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து தோல் கையுறை தைத்துக்கொண்டிருந்தாள். பாஷை தெரியாமலே அவளருகில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தையலைப் பார்த்தார். அவள் விரல் நுனியை மடக்கித் தைக்கும் விதத்தைத் திரும்பவும் ஒருமுறை செய்து காட்டினாள். சுற்றுலாக்காரர் ஒருவரும் அந்தப் பக்கம் வரவில்லை. தொழில்காரர்கள் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டோம் என்று அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தத் தெருமுனையில் மொபைல் உறை விற்றுக்கொண்டிருந்த மாஹிர் என்கிற வங்காளத்துக்காரர், வியர்த்து நின்ற அவரைப் பார்த்துத் தன் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். "பர்மாவா? அப்ப நாம பக்கத்து வீடு" என்று கடைத்தெரு இந்தியில் சிரித்தார். சிஸ்டர் ஜூடித்தின் அப்பா என்று தெரிந்ததும் தண்ணீருக்குப் பிறகு ஒரு ஆரஞ்சுப் பழமும் வந்தது.

நாலாம் நாள் சூசைராஜ் தனியாக அதே பேட்டைக்குப் போனார். காலை பத்து மணி. ஒரு ரொட்டிக்கடையின் பக்கச் சுவரோரம், இடுப்பு உயரத்தில் ஒரு கூடை தொங்கியது. கயிறு மேலே போய், காயப்போட்டிருந்த துணிகளுக்குள் மறைந்தது. கை தானாகக் கூடையைத் திருப்பியது. அடியில் மூன்று சிம்பு ஒடிந்திருந்தது. இன்னும் இரண்டு நாளில் ரொட்டி தெருவில் விழும். அவர் பையில் எப்போதும் ஒரு சின்னக் கத்தியும் பிரம்புச் சுருளும் இருக்கும். அரைமணி வேலை. ஆனால் அடுத்தவர் பொருள், கேட்காமல் தொடலாமா? வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்க நினைத்தார். கயிற்றைப் பிடித்து, பபேடானில் இழுப்பதுபோல், மணி அடிக்கட்டும் என்று இரண்டு தடவை சுண்டி இழுத்தார்.

மணி அடிக்கவில்லை. மேலே ஒரு அலறல் கேட்டது. கயிறு முழுதும் சரசரவென்று இறங்கி அவர் தோளில் விழுந்தது. கயிற்றின் மறுநுனி கம்பியில் இல்லை, ஒரு மனுஷியின் கையில் சுற்றியிருந்தது என்பது அந்த நொடியில் புரிந்தது. எங்கோ ஒரு ஜன்னல் திறந்தது, யாரோ கத்தினார்கள். சூசைராஜ் ஓடினார். ஐம்பத்தெட்டு வயதில், கழுத்தில் கயிறும் கையில் கூடையுமாக, வந்த வழி தெரியாமல் ஓடினார். மூச்சு வாங்கி நின்ற இடத்தில் கூடையைப் பைக்குள் திணித்து ஜிப்பை இழுத்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் ஜூடித் சொன்னாள்: "கார்மேலா அம்மாவுக்கு மணிக்கட்டு முறிஞ்சிருச்சுப்பா. எண்பத்திரண்டு வயசு. ரொட்டி வாங்கக் கூடைய எறக்கியிருக்காங்க. எவனோ சுண்டி இழுத்துத் தூக்கிட்டு ஓடிட்டான்."

"யாருன்னு தெரிஞ்சுதா?"

"மாஹிர்ங்கிறாங்க. கறுப்பா ஒரு ஆள் ஓடினதப் பாத்தாங்களாம். அந்தத் தெருவுல கறுப்பா இருக்கிறது அவர் ஒருத்தர்தானே. எனக்கு நம்பிக்கையில்ல. போலீசும் கூப்பிட்டு விசாரிச்சுட்டு விட்டுருச்சு. தெரு விடல."

சூசைராஜ் கைகளை மேசைக்கு அடியில் கொண்டுபோனார்.

"நீங்க அந்தப் பக்கம்தானே போனீங்க? ஏதாச்சும் பாத்தீங்களா?"

"இல்லம்மா. நான் படிக்கட்டுப் பக்கம் போயிட்டேன்."

பொய் அவ்வளவு எளிதாக வந்தது. அதற்கு மூன்றாம் நாள் வார்த்தைப்பாட்டுப் பூசையில் மகளுக்குப் பக்கத்தில் நின்றார். நற்கருணை வாங்க நாக்கை நீட்டினார். ஊர் திரும்பியதும் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், "பொய் சொன்னேன் சாமி" என்று மட்டும் சொன்னார். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார் சாமியார். மூன்றையும் சொன்னார். வெட்கம் ஒரு பிடியும் குறையவில்லை. அரைகுறையாகச் சொல்லி மன்னிப்பை ஏமாற்றி வாங்கிய வெட்கமும் சேர்ந்துகொண்டது.

ஒருநாள் கூடையை எடுத்துக்கொண்டு க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் போனார். ஆற்றில் போட்டால் தீர்ந்தது. அரைமணி நின்றார். படகுக்காரர்கள் பார்ப்பதுபோல் இருந்தது. திரும்பக் கொண்டுவந்து பரணில் வைத்தார்.

பயணம் எப்படி என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில். "வெயில் ஜாஸ்தி." ஜெசி கோவில் வாசலில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்: "ஐரோப்பா போயிட்டு 'வெயில் ஜாஸ்தி'ன்னு ஒரு சேதி கொண்டு வந்த மனுஷன் இவர் ஒருத்தர்தான். கேட்டா வாயில கொழுக்கட்டை."

இந்த டிசம்பரில் ஜூடித் இரண்டு வார விடுமுறையில் வந்தாள். வந்த மறுநாளே, "அப்பா, கார்மேலா அம்மாவுக்கு உங்க கையால ஒரு கூடை வேணும்" என்றாள். "கை கோணலாத்தான் சேர்ந்துச்சு. அதுக்கப்புறம் அவங்க கூடையே எறக்குறதில்ல. ஜன்னல்கிட்டயே வர மாட்டேங்கிறாங்க. புதுசு ஒண்ணு பாத்தா மனசு மாறும்."

"அந்த வங்காளத்துக்காரர்?"

"தெருவுல யாரும் அவருக்கு முகம் குடுக்கல. ரயில் ஸ்டேஷன் பக்கம் போயிட்டார். அங்க வியாபாரம் கம்மி. ஒருநாள் பாத்தேன். அப்பா நல்லா இருக்காரான்னு கேட்டார்."

சூசைராஜ் எழுந்துபோய்ப் பிரம்பை ஊறப்போட்டார்.

பத்து நாள் பின்னினார். அவர் கையிலிருந்து அதைவிட நல்ல கூடை வந்ததில்லை. மூன்றாம் மாடி கமருன்னிசா வந்து தட்டிப் பார்த்தாள். "ஊ சூசை, இதுல ரொட்டி என்னத்துக்கு? என்னைய ஒக்கார வச்சு மேல இழுத்துருங்க. மாடி ஏறுற பாடு மிச்சம்." ஜூடித் கூடையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "எங்கப்பா செஞ்சதுன்னு தெரு பூரா காட்டுவேன்" என்றாள். ஒவ்வொரு பாராட்டுக்கும் அவர் தலை இன்னும் கொஞ்சம் குனிந்தது. அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இந்தக் கூடை போனால் கிழவிக்குச் சந்தோஷம், மகளுக்குப் பெருமை, அவருக்கு நல்ல பெயர். மாஹிருக்கு மட்டும் ஒன்றும் மாறாது. பழைய கூடை அந்தத் தெருவுக்குள் போனால்தான், இது எங்கிருந்து வந்தது என்று ஜனங்கள் கேட்பார்கள். கேட்டால் ஜூடித் பதில் சொல்லியாக வேண்டும். அவள் சொல்ல வேண்டுமென்றால் அவர் அவளிடம் சொல்லியாக வேண்டும். மகள் முகத்தில் அப்போது என்ன வரும் என்பதை நினைத்தே ஒன்றரை வருஷம் ஓடியிருந்தது. கடைசி ராத்திரி தூக்கம் வரவில்லை. விடிந்ததும் பரணில் ஏறினார்.

ஒடிந்த மூன்று சிம்பும் இப்போது பிரம்பால் நிறைந்துவிட்டன. கடைசி இழையை மடக்கி உள்ளே செருகி, நுனியை நறுக்கினார். கூடத்தில் ஜூடித் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். புதுக் கூடைக்குள் ஜெசி, காய்ந்த இறால் வறுத்துச் செய்த பலாச்சான் பாட்டில்களை அடுக்கியிருந்தாள்.

"அதுக்குள்ள இருக்கிறத எடுத்துரு. புதுசு போகல" என்றார் சூசைராஜ்.

"என்ன பேசுறீங்க? சாமான் கட்டியாச்சு" என்றாள் ஜெசி.

ஜூடித் அவர் மடியில் இருந்ததைப் பார்த்தாள். கிட்ட வந்தாள். கைப்பிடியில் சுற்றியிருந்த நீல ஒயரைத் தொட்டாள்.

"இந்த ஒயர் நான் சுத்துனது" என்றாள் மெதுவாக. "கைப்பிடி கிழிக்குதுன்னு கார்மேலா அம்மா சொன்னாங்க. நான்தான் சுத்திக் குடுத்தேன்."

"நான்தான் இழுத்தேன். மாஹிர் இல்ல."

"என்னத்த இழுத்தீங்க?" என்றாள் ஜெசி.

"அடி ஒடிஞ்சிருந்துச்சு. சரி பண்ணட்டான்னு கேக்க நெனைச்சேன். நம்ம வீட்டுக் கயிறு மாதிரி மணி அடிக்கும்னு இழுத்தேன். அது தெரியாம நடந்தது. ஓடினது தெரிஞ்சே செஞ்சேன். அன்னிக்கு நீ கேட்டப்ப இல்லைன்னு சொன்னதும் தெரிஞ்சேதான்."

ஜூடித் ஒயரிலிருந்து கையை எடுத்தாள். "பூசையில என் பக்கத்துல நின்னீங்களேப்பா."

"நின்னேன்."

"அவர் உங்கள விசாரிச்சார்னு சொன்னேன். அப்பக்கூட..."

"அப்பக்கூட."

ஜெசி சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். வெளியே கயிறு ஆடி மணி அடித்தது. டாக்சி வந்துவிட்டதென்று கீழேயிருந்து யாரோ இழுத்திருந்தார்கள்.

"மொதல்ல மாஹிரப் போய்ப் பாரு" என்றார் சூசைராஜ். "அவரக் கூட்டிக்கிட்டு அந்தத் தெரு வழியா நட. யாரு எடுத்ததுன்னு கேப்பாங்க. என் அப்பான்னு சொல்லு. பேரையும் சொல்லு. உனக்கும் அங்க தலைகுனிவுதான். அதத் தடுக்க எனக்கு வழி தெரியலம்மா."

"ஆமா" என்றாள் ஜூடித். "தலைகுனிவுதான்."

அவள் புதுக் கூடையிலிருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். காலியான கூடையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நின்றாள். அவர் பழைய கூடையின் அடியை உள்ளங்கையால் ஒருமுறை தடவி, எந்த இழையும் கையில் குத்தவில்லை என்று பார்த்து, இரண்டு கையாலும் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.