லாட்டிரின் தனித்தட்டு

ஃபாட்டிக் ஊரில் வண்டி ஓட்டிப் பிழைத்த லாட்டிர் திடீர் திடீரென்று மயங்கி விழுவார். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தபின் விழுவது நின்றது. ஆனால் இந்த மழைக்காலத்தில் கால் வீங்கியது, வயிறு பொருமியது, கழுத்து நரம்பு வெளியே தெரியும்படி துடித்தது.

தலைநகர் டாக்கார் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்கேன் படத்தைக் காட்டினார்.

"பேஸ்மேக்கர் ஒயரு இருதய வால்வு வழியாத்தான் உள்ள போகுதுங்கய்யா. அது வால்வை முழுசா மூடவிடாம மறிச்சுக்கிட்டு நிக்குது. ரத்தம் பின்னாடி ஒழுகுது."

"அப்ப உருவிப் போட்டுடுங்க."

"இப்ப இழுத்தா வால்வே கிழிஞ்சிடலாம். மாத்திரை தர்றேன். உப்பு மட்டும் ஆகவே ஆகாது."

சுற்றிலும் உப்பளமாகக் கிடக்கிற ஊர்க்காரரிடம் சொல்லுகிற பேச்சா இது!

மனைவி போய்ச் சேர்ந்தபின் அவர் இருந்தது தம்பி ஜோகாய் வீட்டில். மதியச் சோறு ஒரே பெரிய வட்டிலில் வரும். பாயில் சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துத் தின்பார்கள். நடுவிலுள்ள மீனைப் பிய்த்து எல்லோருக்கும் பங்கிடுவது மூத்தவரான லாட்டிரின் வேலை. அந்தச் சோற்றில் கருவாடும் உப்பும் தாராளம். தம்பி மனைவி சீகா நல்லவள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே அவருக்கென்று தனியாகச் சமைத்து, தட்டில் போட்டு, நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள்.

"பெரிய மச்சானைப் பாருங்க, துரை கணக்கா சாப்பிடுறாரு!" என்றாள்.

லாட்டிரும் சிரித்துவைத்தார். பாயில் அவர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டே தின்பதைப் பார்த்தபடி தன் தட்டை ஒப்புக்குக் காலி செய்வார். யாரைக் குறை சொல்ல? அக்கறையல்லவா அவரைக் கிளப்பி உட்கார வைத்தது!

வீக்கம் வடிந்த ஒரு வெள்ளிக்கிழமை தட்டை ஒதுக்கிவிட்டுப் பாயில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, உப்பு!" என்று ஜோகாய் பதறினான்.

"ரெண்டு வாய்தாண்டா. செத்தா போயிடுவேன்?"

எல்லோரும் நகர்ந்து இடம்விட்டார்கள். அவர் கை மீனுக்குப் போகுமுன், இத்தனை நாள் பழக்கத்தில் ஜோகாயே பிய்த்துவிட்டான். முள் பார்த்து, நல்ல சதையாக எடுத்து அண்ணன் முன்னால் வைத்தான். சீகா கிழங்கைத் தள்ளினாள். பிள்ளைகளும் ஆளுக்கொரு துண்டு தள்ளினார்கள். அவர் பக்கம் மட்டும் குவிந்து நின்றது.

வெளியூர்க்காரர் வந்தால்தான் அந்த வீட்டில் அப்படித் தள்ளுவார்கள்.

லாட்டிர் இரண்டே வாய் தின்றார். "வயிறு நெறைஞ்சுது" என்று எழுந்தார்.

"அதுக்குள்ளயா? கூச்சப்படாம சாப்பிடுங்க மச்சான்" என்று உபசரித்தாள் சீகா.