கையுறை போடச் சொன்ன ஆசிரியை

கனகேஸ்வரி படித்தது பௌதிகவியல். வெள்ளவத்தையில் அவள் படிப்பித்த பாடசாலையில் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கியபோது, நாட்டின் தொழிற்சாலைகளுக்குத் தேர்ச்சிபெற்ற பிள்ளைகள் வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அவர்களுக்குப் படிப்பிக்க ஆள் வரவில்லை. "நீங்கள் கெட்டிக்காரி, சமாளியுங்கோ" என்று அதிபர் அந்தப் பாடத்தை அவள் தலையில் கட்டிவிட்டார். ஆறு வருடம் சமாளித்தாள். இரும்பைச் சுழற்றிக் கடையும் லேத் மெஷினைப் படத்தில் காட்டி, பாகங்களின் பெயர்களை மனப்பாடம் செய்வித்தாள்.

ஏழாம் வருடம்தான் ஆசிரியர்களுக்கான பத்துநாள் பயிற்சிக்கு அழைப்பு வந்தது. சுழலும் இயந்திரத்தின் முன் முதன்முதலாக அன்றுதான் நின்றாள். கைப்பையிலிருந்த பருத்திக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

பயிற்றுநர் நிலாம் முப்பது வருடம் தொழிற்சாலையில் நின்றவர். பாய்ந்துவந்து விசையை அணைத்தார்.

"கழட்டுங்க டீச்சர்! சுத்துற மெஷின்ல கையுறை போடவே கூடா. நூல் ஒண்டு மாட்டிச்செண்டா கையையும் இழுத்துட்டு பெய்த்துரும்."

கனகேஸ்வரி அவசரமாகக் கையுறையைக் கழற்றினாள். பிள்ளைகளுக்கு அவள் சொல்லிக்கொடுத்த முதல் பாதுகாப்பு விதியே கையுறை அணிய வேண்டும் என்பதுதான். அது புத்தகத்தில் இருக்கவில்லை, அவளாகச் சேர்த்தது. போதாததற்கு, கொட்டாஞ்சேனைப் பட்டறையொன்றில் லேத் வேலை கிடைத்த மாணவி நிஷாந்தினிக்குப் புதிதாக ஒரு சோடி வாங்கியும் கொடுத்திருந்தாள். அந்தப் பிள்ளை வேலைக்குப் போய் மூன்று வாரம்தான்.

நிஷாந்தினிக்கு நான்கு தரம் போன் எடுத்தாள். பதில் இல்லை. நிலாமிடம் சொல்லிவிட்டு ஓட்டோ பிடித்தாள். கொள்ளுப்பிட்டி நெரிசலில் ஓட்டோ நின்ற நேரமெல்லாம் அந்தப் பிள்ளையின் விரல்களே கண்ணுக்குள் வந்தன.

பட்டறை வாசலில் மேற்பார்வையாளர் மெல்ரோய் நின்றார். "நிஷாந்தினியா? அவ இப்ப மெஷின்ல இல்லையே."

கனகேஸ்வரி உள்ளே விரைந்தாள். அவர் காட்டிய மூலையில் நிஷாந்தினி இரும்புத் துண்டுகளை அளந்துகொண்டிருந்தாள். வலக்கையில் இரண்டு விரல்களைச் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தது.

"மூணாம் நாளே கையுறை மெஷின்ல மாட்டிக்கிருச்சு டீச்சர். மெல்ரோய் அண்ணே நிப்பாட்டலன்னா கையே போயிருக்கும். எலும்பு கூடிரும்னு டொக்டர் சொன்னாரு."

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்க சொன்னது சரிதானே. நான்தான் கையுறைய பிழையா போட்டுட்டேன்னு நெனச்சேன்."

கனகேஸ்வரி அழுதுவிட்டாள். "நீ பிழை விடேல்லை. நான்தான் பிழையாப் படிப்பிச்சனான்."

நிஷாந்தினியின் முகம் வெளுத்தது. "அப்ப நம்ம வகுப்பு இராமர்? அவனும் பியகமையில லேத்துலதான் நிக்கிறான்."

அங்கேயே நின்று அவனை அழைத்தார்கள். பின்னால் இயந்திரம் இரைய, அவன் எடுத்தான்.

"தம்பி, கையுறை போட்டிருக்கிறியே?"

"ஆமா டீச்சர், நீங்க சொன்ன மாதிரியே."

"மெஷினை நிப்பாட்டு. நிப்பாட்டிப்போட்டு உடனே கழட்டு."

இரைச்சல் அடங்கும்வரை அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

மறுநாளிலிருந்து காலையில் நிலாமிடம் வெறுங்கையோடு கடைசல் பழகினாள். பின்னேரங்களில் பழைய வரவேட்டைப் பார்த்துத் தொழிற்சாலைகளுக்குப் போன பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தேடி எச்சரித்தாள். பதினாறு பேர் கிடைத்தார்கள். இன்னொரு மாணவன் தேனுஜனின் போன் இலக்கம் மட்டும் பாவனையில் இல்லை. பாமன்கடையில் அவன் முன்பு இருந்த வீட்டுக்கும் போனாள். குடும்பமே இடம் மாறிவிட்டது, அவன் எங்கோ லேத் வேலைதான் செய்கிறான் என்று அயலவர்கள் சொன்னார்கள்.